ஒரே தட்டில் டிபின்னர்

குமணன்சாவடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது தொண்ணூறுகளில் என் தலையெழுத்தாக இருந்தது. வேலை முடிந்து நான் வந்து நிற்கும் நேரத்தில் ஆவடிப் பக்கம் போகிற பஸ் மட்டும் வராது, மற்ற ஊருக்கெல்லாம் வரும். நின்று நின்று எதிர்வரிசைக் கடைகளின் போர்டுகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. அதனால்தான் புதிதாக ஒரு போர்டு வந்த அன்றைக்கே அது கண்ணில் பட்டது. லாரிக்காரர்களும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களும் சாப்பிடும் சின்ன மெஸ் அது. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, பெயிண்ட் முழுசாகக் காயக்கூட இல்லை. "மாலை 5 மணி முதல் சூடான டிபின்னர் ரெடி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதைக்காகச் சொல்லவில்லை, கையில் முடி குத்திட்டு நின்றது. என் பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. நான் ஏறவில்லை. அந்த வார்த்தையைச் செய்தது என் அம்மா. ஆவடி குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டில், என் கண் முன்னால் செய்தாள்.

ரோட்டைத் தாண்டி மெஸ்ஸுக்குள் போனேன். கல்லாவில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். டிபின்னர் என்றால் என்ன என்று, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"டிபின்னர் தெர்யாதா மேடம்? டிபனும் டின்னரும் ஒண்ணா. மொதல்ல ரெண்டு தோசை. அத்த துன்னு முட்சதும் அதே தட்ல மோர்சோறு. ராத்திரிக்கு வேற ஒண்ணியும் வாணாம்."

"மோர்ச்சோத்துக்கு வேற தட்டு தர மாட்டீங்களா?"

"வேற தட்டு குட்த்தா அது டிபின்னரே இல்ல மேடம்," என்றார் அவர். "அதே தட்டுதான். ரூல்ஸே அதான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும், அது புரிகிறது. தட்டுமா அதன் கூடவே நடந்து வரும்? எங்கள் வீட்டில் ஒரே தட்டு என்று வைத்ததற்கு ஒரே காரணம், அம்மா ரயிலைப் பிடிக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க நேரம் கிடையாது. அவசரத்துக்குச் செய்த காரியம் இங்கே ரூல்ஸ் ஆகி உட்கார்ந்திருக்கிறது.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்கிலீஷ்காரன் வார்த்தை மேடம். எங்க ஊட்ல எப்பவோ இருந்து சொல்லிகினு கீறோம்."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. பல வருஷமாகத் தடை. தடை போட்டவளும் அம்மாதான்.

அம்மா பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் பெயில். இரண்டு தரம் எழுதினாள், இரண்டு தரமும் அதிலேயே விழுந்தாள். பிறகு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி, தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். எங்கள் பிளாக்கில் தமிழ்நாட்டின் பாதி ஜில்லா குடியிருந்தது. எதிர்வீடு கோயம்புத்தூர், மாடி மதுரை, அதற்குப் பக்கம் தஞ்சாவூர். குழம்பு கொதிக்கும்போது அது எந்த ஜில்லாக் குழம்பு என்று மூக்கே சொல்லிவிடும்.

எண்பதுகளின் நடுவில், குவார்ட்டர்ஸ் பால்வாடிக்கு டீச்சர் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். அம்மாவுக்குச் சின்னக் குழந்தைகள் என்றால் உயிர். பிளாக்கில் இருந்த வாண்டுகளில் பாதி எங்கள் வீட்டில்தான் கிடக்கும். அந்த வேலைக்கு உன்னை விட்டால் யார் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நடுவில் குறுக்கே நின்றது அந்த ஒரு பேப்பர். தனியாகப் பரீட்சை எழுதப் பணம் கட்டிவிட்டு வந்து அம்மா சொன்னாள்: "இந்தத் தடவையும் விழுந்தா அவ்வளவுதான். இனி புஸ்தகத்தத் தொட மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் அவளைவிட எனக்குத்தான் அதிக பயம்.

அவள் படிக்கும் விதம் அப்படி. கைடில் இருந்த கட்டுரைகளை எழுத்து விடாமல் உருப்போடுவாள். மரங்களின் பயன்களை இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். நடுவில் குக்கர் விசில் அடித்தால் போச்சு, மறுபடி முதல் மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அர்த்தம் கேட்டால் கோபம் வரும். முந்தின இரண்டு தரமும் நடந்தது இதுதான். படித்தது வரவில்லை, வந்ததைப் படிக்கவில்லை. இங்கிலீஷில் சொந்தமாக ஒரு வரி எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது. அது யாரோ எங்கேயோ செய்து முடித்து அனுப்பிவைத்த சாமான், நாம் கை வைத்தால் உடைந்துவிடும் என்று நினைத்தாள். பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டுடோரியல் இருந்தது. அங்கே சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். மீசை முளைத்த பெயில் பையன்களுக்கு நடுவில் அம்மா ஒருத்திதான் புடவை. துணைக்கு நானும் போவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வீட்டுப்பாடத்தை எழுதுவேன். அங்கே பாடம் நடத்தியவர் நல்ல மனுஷர், ஆனால் அலுத்துப்போனவர். இலக்கணம் அலுத்தால் கதைக்குத் தாவிவிடுவார். அப்படி ஒருநாள் சொன்னார்: "காலைல சாப்பிட்டா பிரேக்பாஸ்ட், மத்தியானம் சாப்பிட்டா லன்ச். லேட்டா எழுந்து ரெண்டையும் ஒண்ணாச் சாப்பிட்டா அதுக்குப் பேரு பிரன்ச். அதுல பாதி, இதுல பாதி."

பையன்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். அந்த வகுப்பில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"யாரு சார் அதச் சேத்தது?"

"எவனோ ஒரு தூங்குமூஞ்சிம்மா."

"கவர்மென்ட்டுல கேக்க வேண்டாமா சார்?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாரைக் கேக்கணும்? மொதல்ல அவன் ஒருத்தன் சொன்னான். பத்துப் பேர் கூடச் சேர்ந்து சொன்னாங்க. அப்புறம் அது வார்த்தை. அவ்வளவுதான்மா."

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா வழக்கம்போல் கைடைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அவங்களும் ஒட்டுப்போட்டுத்தான் வச்சிருக்காங்கட்டி," என்றாள். கிழிந்த தலையணை உறைக்கு ஒட்டுப்போடுகிறவள் பேச்சு அது. ஆனால் குரலில் அப்படி ஒரு மலைப்பு. பெரிய வீட்டுச் சமையலறையை முதல்முதலாக எட்டிப் பார்த்து, அங்கேயும் நம் வீட்டைப் போலவே அடிப்பிடித்த ஒரு சட்டி இருப்பதைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

டுடோரியல் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தகராறு நடந்துகொண்டிருந்தது. ராத்திரி திரும்பி வந்து அடுப்பு மூட்ட முடியாது. அதனால் சாயங்காலம் தொழிற்சாலையில் சங்கு ஊதி, அப்பா சைக்கிளில் வந்து இறங்கியதுமே அம்மா தட்டைப் போட்டுவிடுவாள். முதலில் இரண்டு தோசை. அது முடிந்ததும் அதே தட்டில், சட்னி ஒட்டியிருக்கும்போதே, ஒரு கரண்டி மோர்ச்சோறு. அப்பாவுக்குச் சோறு உள்ளே போகாமல் தூக்கம் வராது. தோசை இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அம்மா ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும்.

பிரன்ச் கதை கேட்ட மறுநாளும் அப்பா தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வெயில் இன்னும் தாழல. இப்பமே ராச்சோறு திங்கச் சொல்லுத. இது என்ன, டிபனா டின்னரா?"

அம்மா கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டும் இல்ல. டிபின்னர்."

"அப்படின்னா?"

"இங்கிலீஷ். நான் செஞ்சது."

அப்பாவின் கையில் தோசை அப்படியே நின்றது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அன்று ஸ்டேஷன் போகும்வரை அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். முந்தின நாள் வரை ஒரு வரியை மாற்றி எழுதச் சொன்னால் கைடை மூடிவிடுகிறவள். இன்று இங்கிலீஷில் இல்லாத ஒரு வார்த்தையை, தோசை வேகும் நேரத்தில் செய்து, அப்பாவின் தட்டில் போட்டுவிட்டுப் போகிறாள். வித்தை காட்டுகிறவர்களைப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு ஆச்சரியம் வந்ததில்லை.

வார்த்தையை முதலில் ஊருக்குச் சொன்னது அப்பாதான். தொழிற்சாலை கேன்டீனில் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு பெருமை பேசியிருக்கிறார். ஒரு வாரத்தில் எதிர்வீட்டுக் கோயம்புத்தூர் ஆன்ட்டி கதவோரம் நின்று, "ஏனுங்க்கா, டிபின்னர் ஆச்சுங்களா?" என்று கேட்டார். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் சினிமாப் பாட்டு போடுவார்கள், பிளாக்கில் டிவி இருந்த வீடுகளில் கூட்டம் நெரியும். பாட்டு ஆரம்பிக்கும் முன் அடுப்படியை மூடிவிட வேண்டும் என்பது எல்லாப் பெண்களுக்கும் ஆசை. அந்த ஆசைக்கு அம்மாவின் வார்த்தை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மதுரைக்காரர் வீட்டிலும் டிபின்னர், தஞ்சாவூர்க்காரர் வீட்டிலும் டிபின்னர். ஆளுக்கொரு குழம்பு வைத்த பிளாக், சாப்பாட்டில் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

குத்தம்பாக்கம் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் ஒரு அம்மா இருந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாமா, அதுக்குள்ள டிபின்னரு ஆயிட்சா?" என்று கேட்பார். ஆறினதாக இருந்தாலும் ஒரு தோசை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதே தட்டை நீட்டி மோர்ச்சோறும் வாங்கிக்கொள்வார். மெஸ்ஸில் அந்தத் தட்டு விஷயத்தைக் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. குவார்ட்டர்ஸ் சுவரைத் தாண்டி வார்த்தையைக் கூடையில் போட்டுக்கொண்டு போனது அவராகத்தான் இருக்க வேண்டும். சத்தியம் செய்ய முடியாது.

பரீட்சை நாள் வந்தது. இங்கிலீஷ் பேப்பர் எழுதிவிட்டு வெளியே வந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அப்பா எப்படி என்று கேட்டார். "எழுதியிருக்கேன்," என்றாள். வீட்டுக்கு வந்து பசியில் நான், "அம்மா, டிபின்னர்," என்றேன். ஈரக்கையோடு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"அந்த வார்த்தை இனி இந்த வீட்டுல வரக்கூடாது. வாயிலயே வரக்கூடாது, கேட்டியா?"

ஏன் என்று கேட்டேன். அப்பாவும் கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அதே தோசை வந்தது, அதே தட்டில் மோர்ச்சோறும் வந்தது. பெயர் மட்டும் சாப்பாடு என்று மாறிவிட்டது.

ரிசல்ட் பேப்பரில் வந்தது. மயிரிழையில் பாஸ். அம்மா நம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பால்வாடி வேலையும் கிடைத்தது. இனி தடை போய்விடும் என்று நினைத்தேன். அது இன்னும் இறுகியது. ஒருமுறை பால்வாடியைப் பார்வையிட வந்த அதிகாரி எதிரில் கோயம்புத்தூர் ஆன்ட்டி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அம்மா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. டீச்சர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது, விளையாட்டாகப் பேசியதெல்லாம் கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிளாக் முழுக்க அந்த வார்த்தை புழங்கிக்கொண்டிருந்தது, அதைச் செய்தவள் வீட்டில் மட்டும் அதற்கு இடமில்லை.

இப்படியே வருஷங்கள் போன பிறகுதான் அந்த மஞ்சள் போர்டு வந்தது. வாயால்தானே சொல்லக் கூடாது, காட்டலாம் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாங்காடு கோவிலுக்குக் கூட்டிப்போனேன். தரிசனம் முடித்து, சாயங்காலம் குமணன்சாவடியில் இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். ஒரு தரம் படித்தாள். மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். என் கையைப் பிடித்தவள் வலிக்கிற அளவுக்கு இறுக்கினாள்.

"இத யாருட்டி எழுதினது? நீ சொன்னியா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. அவங்க இது இங்கிலீஷ்காரன் வார்த்தைங்கறாங்க."

மெஸ்ஸில் போய் உட்கார்ந்தோம். இரண்டு டிபின்னர் சொன்னேன். தோசை வருவதற்குள் அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் படிச்சது ஒண்ணுமே வரல. மரம் வரல, மழை வரல. பிரெண்டுக்கு ஒரு லெட்டர் எழுதணும், சாயங்காலம் உன் வீட்டுல என்ன நடக்கும்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்துல பையனெல்லாம் எழுதுதான். மூணாவது தடவையும் போச்சுன்னு பேனாவ மூடப் போனேன். அப்பம்தான் அது ஞாபகம் வந்தது. எழுதிட்டேன்."

"என்னம்மா எழுதின?"

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இன் தி ஈவினிங் வீ ஈட் டிபின்னர். இட் ஈஸ் நாட் டிபன். இட் ஈஸ் நாட் டின்னர். ஐ மேட் திஸ் வேர்ட்."

அம்மா தொடர்ந்தாள். அந்த நாலு வரி வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்ததாம். அப்பாவின் சைக்கிள், தோசை, ரயில், என் பை எல்லாவற்றையும் தப்பும் தவறுமாக, ஆனால் சொந்தமாக எழுதியிருக்கிறாள்.

"வெளிய வந்த பிறகுதான் பயம் பிடிச்சிட்டு. இல்லாத வார்த்தைய கவர்மென்ட் பேப்பர்ல எழுதிட்டேன். நான்தான் செஞ்சேன்னு நானே ஒத்துக்கிட்டும் எழுதிட்டேன். தெரியாமப் பாஸ் போட்டுட்டோம்னு என்னைக்காவது எடுத்துப் பாத்தாங்கன்னா? சர்டிபிகேட்டு போகும், பால்வாடி போகும். அந்தப் பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"பத்துப் பேர் சொன்னா அது வார்த்தைன்னு சார் சொன்னாரே?"

"சொன்னாரு. பத்துப் பேரும் நம்ம பிளாக்குலதான இருந்தாங்க. பேப்பர் திருத்துனவரு நம்ம பிளாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமும் தினம் காலையில் அவள் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துவிட்டு, யாராவது வந்து சர்டிபிகேட்டைக் கேட்பார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதுவும், அவளைக் கரையேற்றிய அந்த ஒரே வார்த்தைக்குப் பயந்து.

தோசை வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மெஸ்காரர் மோர்ச்சோற்றைக் கொண்டுவந்து, சட்னி ஒட்டியிருந்த அதே தட்டில் போட்டார். அம்மா தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தம்பி, டிபின்னர்னா இது நெசமாவே இங்கிலீஷ்தானா?"

"இன்னாமா இப்டி கேக்குற? அசல் இங்கிலீஷ்," என்றார் அவர். "புக்குல பாரு, இருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையில் கிள்ளினாள். பிறகு மோர்ச்சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் எனக்கு லீவு. சாயங்காலம் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, எதிர்வீட்டுக்கும் மாடிக்கும் கேட்கும்படி.

"டிபின்னர் ஆச்சு. வாங்க."

அப்பா ஒரு செருப்போடு நின்று என்னைப் பார்த்தார். நான் அடுப்படிப் பக்கம் தலையை ஆட்டினேன். அவர் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.